ராத்திரி ரெண்டு மணி பிபி

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற வாரத்தில் எனக்குத் திடீரென்று மவுசு கூடிவிடும். கல்யாண வீட்டில் பார்த்தால் மட்டும் "நல்லாருக்கியாட்டி" என்று விசாரிக்கிற சொந்தமெல்லாம் போன் போடும். "எங்க பாப்பா நர்சிங்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. சேத்துவிடலாமா? கையில கீறுனாலே மயக்கம் போட்டு விழுவா. ரத்தத்தப் பாத்து எப்படித் தாங்குவா?"

ரத்தம் ஒரு பிரச்சினையே இல்லை மதினி என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. முதல் மாதம் தலை சுற்றும். ரெண்டாவது மாதம் அதே கையைக் கழுவிவிட்டு வந்து ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் சாதம் பிசைந்து சாப்பிடுவாள். சீழ் வாடை பழகும், பெட்பேன் எடுக்கப் பழகும், சாவுகூடக் கொஞ்சம் பழகும். இந்த வேலையில் ஆளை அரிப்பது வேறொன்று. போனில் சொன்னால் யாருக்கும் பிடிபடுவதில்லை, "சும்மா சலிச்சுக்கிறா" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

படிப்பு விவரம் எல்லாரும் அறிந்ததுதான். ஏஎன்எம் ரெண்டு வருஷம், ஜிஎன்எம் மூணு வருஷம், பிஎஸ்சி நர்சிங் நாலு வருஷம். நான் படித்தது பிஎஸ்சி. தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டுப் போனவளுக்கு முதல் வருஷம் அனாட்டமி புத்தகத்தைத் திறந்தபோது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆயிற்று. 'ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்ட்' என்று ஒரு கழுத்துத் தசை. அதைத் தடுக்காமல் சொல்லவே ஒரு வாரம் பிடித்தது. ஹாஸ்டல் பாத்ரூமில் வாளி நிரம்பும்வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு நின்ற தோழிகள் எனக்கு உண்டு. பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி எல்லாம் இப்படித்தான் மனப்பாடம் செய்து தாண்டினோம். புரிந்தது பிற்பாடு, வார்டில் நிற்கும்போது.

ஆனால் முதல் வருஷத்தில் கிண்டலடித்துக்கொண்டே படித்த ஒரு பாடம் இன்றுவரை கூட வருகிறது. படுக்கை விரிப்பது. சிரிக்காதீர்கள், அதற்கு மார்க் உண்டு, செய்முறைத் தேர்வு உண்டு. ஓப்பன் பெட், க்ளோஸ்டு பெட், ஆபரேஷன் பெட், கார்டியாக் பெட் என்று வகைகள் உண்டு. மூலையை 45 டிகிரியில் மடித்து மெத்தைக்கு அடியில் செருக வேண்டும், அதற்குப் பெயர் மைட்டர் கார்னர். எங்கள் டியூட்டர் மேம் விரிப்பின் மேல் உள்ளங்கையை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துக்கொண்டே போவார். ஒரு சுருக்கம் தட்டுப்பட்டால் மொத்தத்தையும் உருவிப் போட்டுவிட்டு "அகெய்ன்" என்பார். எட்டாம் வகுப்பிலிருந்து வீட்டில் பாய் சுருட்டுகிற எங்களுக்கு இதெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன வெட்டி வேலையாகத் தெரிந்தது.

வார்டுக்குப் போய் 'ஆக்குபைடு பெட்' செய்தபோதுதான் விஷயம் விளங்கியது. ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது அது. ரெண்டு பேர் வேண்டும். ஒருத்தி நோயாளியைத் தன் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி பழைய விரிப்பை முதுகோரமாகச் சுருட்டி, புதியதைப் பாதி விரிக்க வேண்டும். பிறகு இந்தப் பக்கம் திருப்பி மிச்சத்தை இழுக்க வேண்டும். அந்த அரை நிமிடம் முதுகு முழுசாக நம் கண்முன் இருக்கும். பக்கவாதம் வந்து படுத்திருந்த ஒரு ஆச்சிக்கு அப்படித் திருப்பியபோது மேம் என் விரலைப் பிடித்து, இடுப்புக்குக் கீழே எலும்பு துருத்துகிற இடத்தில் சிவந்திருந்த தோலில் வைத்து அழுத்தச் சொன்னார். எடுத்ததும் பார்த்தோம். அழுத்தின இடம் வெளுத்து மறுபடி சிவந்தால் பயமில்லை. வெளுக்கவே இல்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆச்சிக்கு வெளுக்கவில்லை. விரிப்பில் கிடந்த ஒரு மடிப்பின் தடம் அப்படியே முதுகில் பதிந்திருந்தது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்து அந்த இடத்தைக் காப்பாற்றினோம். விரிப்பு விரிப்பது ஒரு சாக்கு, ஆளைப் பார்ப்பதுதான் வேலை என்று அந்த மேம் வாயால் சொன்னதில்லை. விரலைப் பிடித்து வைத்ததோடு சரி.

இதற்கு நேர் எதிராக ஒன்றைக் கல்லூரி சொல்லிக்கொடுத்தது. ரெக்கார்டு. நர்சிங் படித்த யாரிடமும் ரெக்கார்டு நோட் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். கேர் பிளான், கேஸ் ஸ்டடி, ட்ரக் புக், ப்ரொசீஜர் ரெக்கார்டு, கம்யூனிட்டி ஃபோல்டர். நோயாளிக்கு வலிக்கிறது என்று எழுதக் கூடாது, 'அறுவை சிகிச்சைக் காயத்தின் காரணமான கடும் வலி, முகபாவத்தால் அறியப்படுகிறது' என்கிற பாணியில் இங்கிலீஷில் எழுத வேண்டும். பிறகு இலக்கு, திட்டம், செயல்பாடு, மதிப்பீடு என்று கட்டங்கள். யோசனை நல்ல யோசனைதான். நோயாளிக்கு என்ன தேவை என்று நர்ஸே சுயமாக யோசிக்க வேண்டும், டாக்டர் எழுதினதைச் செய்துவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக வந்தது. நடைமுறையில் என்ன ஆகும்? போஸ்டிங் முடிந்து வந்து, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு சீனியர் அக்காவின் நோட்டை வாங்கி, நோயாளியின் வயதையும் பெட் நம்பரையும் மாற்றி அப்படியே பார்த்து எழுதுவோம். பிபி 120/80, நாடி 78, மூச்சு 18, டெம்பரேச்சர் 98.6. ஹாஸ்டலில் உட்கார்ந்துகொண்டே ஊரிலுள்ள நோயாளிகள் எல்லாருக்கும் பிபி பார்த்த பெருமை எங்கள் பேட்சுக்கு உண்டு. மேமுக்கும் தெரியும். கையெழுத்துப் போடுவார். கட்டம் நிரம்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 120/80-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கேற்றும் விழாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளை யூனிபார்ம், கையில் விளக்கு, நைட்டிங்கேல் பெயரில் உறுதிமொழி. அப்பா அம்மா பஸ் ஏறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த உறுதிமொழியை நைட்டிங்கேல் எழுதவில்லை, 1893-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் எழுதினார்கள் என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. நைட்டிங்கேல் என்றால் கையில் விளக்கோடு ராத்திரி சுற்றி வந்த அம்மணி என்றுதான் மேடையில் பேசினார்கள். 1854-ல் ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போன அந்த அம்மணி அங்கே செத்தவர்களை எண்ணி, குண்டடியில் செத்தவர்களைவிடக் காலராவிலும் டைஃபஸிலும் செத்தவர்களே அதிகம் என்று வரைபடம் போட்டு அரசாங்கத்தின் முகத்தில் காட்டினார் என்பதை யாரும் சொல்லவில்லை. லண்டனின் ராயல் புள்ளியியல் சங்கத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண் அவர். விளக்கைக் கையில் கொடுத்தவர்கள் அந்தக் கணக்கையும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்.

போஸ்டிங்குகளில் என்னை அசைத்தது லேபர் வார்டு. எங்கள் கேஸ் புக்கில் இருபது சுகப்பிரசவம் சொந்தக் கையால் பார்த்ததாக இருக்க வேண்டும். இருபது எங்கே கிடைக்கும்? பிஎஸ்சி பிள்ளைகள், ஜிஎன்எம் பிள்ளைகள், ஹவுஸ் சர்ஜன்கள் எல்லாருக்கும் கணக்கு முடிக்க வேண்டும். "இந்தக் கேஸ் எனக்கு" என்று வலியில் துடிக்கிற பெண்ணின் கட்டில் பக்கத்தில் நின்று சண்டை போட்டிருக்கிறோம். வெட்கமான விஷயம்தான், ஆனால் நடந்தது. அந்த வார்டில் வலியில் கத்துகிற பெண்களை "அன்னிக்கு இனிச்சுதுல்ல, இப்பக் கத்துறியா" என்று ஏசுகிறவர்களையும் பார்த்தேன். தொடையில் சுளீரென்று அடிக்கிறவர்களையும் பார்த்தேன். இந்தத் தொழிலின் அசிங்கங்களில் அது ஒன்று. தன் பிரசவத்தை நினைத்துப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்கும் அப்படிப் பேச வாய் வராது. வந்தது.

அதே வார்டில்தான் கையில் ஒரு அறிவு ஏறியது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போட வேண்டும். நஞ்சு வந்த பிறகு வயிற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டும். தொப்புளுக்குக் கிட்டே கர்ப்பப்பை கிரிக்கெட் பந்து மாதிரி இறுகித் தட்டுப்பட்டால் நிம்மதி. தொளதொளவென்று எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இருந்தால் உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, உடனே தேய்த்து இறுக்க வேண்டும், ஆள் கூப்பிட வேண்டும். முதல் ரெண்டு மணி நேரம் கால்மணிக்கொரு தரம் இப்படிக் கை வைத்துப் பார்த்தால் ஒரு தாயைக் காப்பாற்றிவிடலாம். பெரிய மிஷின் எதுவும் வேண்டாம். கால்மணிக்கொரு தரம் வந்து கை வைக்க ஒரு ஆள் வேண்டும்.

தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. இதில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூணு ஸ்டாஃப் நர்ஸ் போட்டு 24 மணி நேரமும் திறந்து வைத்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்குண்டு. நடுராத்திரியில் ஆட்டோவில் வந்து இறங்குகிறவளுக்குக் கதவைத் திறக்க ஒருத்தி இருந்தாள். பிறகு அப்படி இருந்தவர்களை அரசு எப்படி வைத்துக்கொண்டது? 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து 7,000-க்கும் மேற்பட்ட நர்ஸ்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், ரெண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று பேச்சு. ரெண்டு வருஷம் தாண்டியும் ஆகவில்லை. 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் மழையும் வெயிலுமாகத் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். அதற்குப் பிறகுதான் தொகை 14,000, 18,000 என்று ஏறியது. கொரோனாவுக்கு ஒப்பந்தத்தில் எடுத்தவர்களை 2022 டிசம்பர் 31-ஓடு போதும் என்று சொல்லிவிட்டார்கள். பூப்போட்டுக் கைதட்டிய கையோடு. என்கூடப் படித்த சிலர் இந்த ரெண்டு வரிசையிலும் இருக்கிறார்கள்.

நான் தனியாருக்குப் போனேன். மதுரையில் ஒரு மல்டி ஸ்பெஷாலிட்டி. சேர்ந்த அன்றே ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார்கள், ரெண்டு வருஷ பாண்டு. சம்பளம் சொன்னால், ஜவுளிக்கடையில் நிற்கிற என் சித்தி மகள் சிரித்தாள், அவளுக்கு என்னைவிட அதிகம். இது என் ஒருத்தி கதை இல்லை. தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்களின் சம்பளம் பற்றிய வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு ஒரு நிபுணர் குழு போட்டது. ஐம்பது படுக்கைக்குக் கீழ் உள்ள சின்ன ஆஸ்பத்திரியில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம் தர வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அப்போது எங்கள் ஹாஸ்டல் ரூமில் அந்தச் செய்தியைச் செய்தித்தாளிலிருந்து கிழித்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தோம். மஞ்சளடித்துப் போகும்வரை அங்கேயே இருந்தது. பீரோவில் இருந்த சர்டிபிகேட்டும் பாண்டு முடிகிறவரை அங்கேயேதான் இருந்தது.

சம்பளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஊருக்குப் போக பஸ் காசு மிஞ்சினால் சரி என்று ஓட்டிவிடலாம். ஓட்ட முடியாதது நைட் டூட்டி. ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு. 28 பெட் சர்ஜிக்கல் வார்டு, நாங்கள் ரெண்டு பேர், ஒரு ஆயாம்மா. வந்ததும் ஹேண்டிங் ஓவர், ஒவ்வொரு பெட்டாக நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு பத்து மணி மருந்து. இன்சுலின் மட்டும் ரெண்டு தடவை பார்த்துப் போட வேண்டும். நம் ஊரில் இன்சுலின் குப்பி 40 யூனிட் கணக்கிலும் வருகிறது, 100 யூனிட் கணக்கிலும் வருகிறது. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 குப்பிக்கு 40 சிரிஞ்ச் என்று மாறிப்போனால் ரெண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். விடிகாலை நாலு மணிக்குக் கண் எரிகிறபோது சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோல்தான் தெரியும்.

இதற்கு நடுவில் அட்டெண்டர்கள். "சிஸ்டர், ட்ரிப்ஸ் முடியப்போகுது, காத்து உள்ள போயிரும்" என்று ஓடி வருவார்கள். பாட்டில் காலியானால் ட்யூபில் தண்ணீர் ஓர் அளவில் தானாகவே நின்றுகொள்ளும், காற்று தானாக இறங்கி நெஞ்சுக்குள் பாய்ந்துவிடாது. எத்தனை ராத்திரி சொன்னாலும் நம்ப மாட்டார்கள், ஏதோ சினிமாவில் வெறும் சிரிஞ்சை வைத்து வில்லன் கொல்வதைப் பார்த்திருப்பார்கள். அதே ஆள், பக்கத்துப் பெட்டில் அப்பாவுக்கு மூச்சு இரைக்கிறதை "தூங்கட்டும்னு விட்டோம்" என்பார். யாரைக் குறை சொல்ல? அவர்களும் ரெண்டு நாளாகத் தரையில் பாய் விரித்துக் கிடக்கிறவர்கள்.

ரெண்டு மணிக்கு வைட்டல்ஸ். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும், ஆறு, பத்து, ரெண்டு. ஆளுக்குப் பதினாலு பெட். பிபி கட்டி, நாடியை ஒரு நிமிடம் முழுக்க எண்ணி, மூச்சையும் எண்ணி, டெம்பரேச்சர், சாச்சுரேஷன் பார்த்து, எழுதினால் ஒருத்தருக்கு அஞ்சு நிமிடம். பதினாலு பேருக்கு எழுபது நிமிடம். அந்த எழுபது நிமிடத்தில் யாரும் வாந்தி எடுக்கக் கூடாது, எமர்ஜென்சியிலிருந்து புது அட்மிஷன் வரக் கூடாது, யாருக்கும் ஊசி லைன் வீங்கக் கூடாது. அப்படி ஒரு ராத்திரி வந்ததே இல்லை. ஆகவே சார்ட்டில் என்ன இருக்கும்? 120/80. நாடி 78. மூச்சு 18. ரெக்கார்டு நோட்டில் ஹாஸ்டலில் உட்கார்ந்து எழுதிய அதே எண்கள். நல்ல பிள்ளைகள்தான் எழுதினார்கள். கைராசிக்காரி என்று நோயாளிகள் தேடுகிற, நரம்பு கிடைக்காத குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் லைன் போடுகிற பிள்ளைகள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஒரு தீபாவளி ராத்திரியில் தெரிந்தது. தீபாவளிக்கு முன்னால் எழுந்து நடக்க முடிந்தவரெல்லாம் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வார்டில் பாதிக் கட்டில் காலி. ஆனால் லிஸ்ட்படி நாங்கள் ரெண்டு பேர் இருந்தோம். ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர், காலையில் குடல் ஆபரேஷன் முடிந்து வந்தவர், மூலைப் பெட்டில். பத்து மணிக்கு நாடி 88 இருந்தது. ஒரு மணி போல அந்தப் பக்கம் போனேன், வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான் போனேன். போர்வையை உதைத்துத் தள்ளியிருந்தார். "என்னய்யா, வலிக்குதா?" "ஒண்ணுமில்ல தாயி, புழுக்கமா இருக்கு." வெளியே மழைக்காற்று, ஃபேன் வேறு ஓடுகிறது. கையைத் தொட்டேன், சில்லென்று பிசுபிசுத்தது. பிபி 110/80, சார்ட்டில் எழுதினால் நல்ல எண். நாடி 118. யூரின் பையில் ரெண்டு மணி நேரமாக ஒரு சொட்டுச் சொட்டுதான் சேர்ந்திருந்தது. வயிற்றிலிருந்து வடிவதற்காகப் போட்டிருந்த ட்ரெயின் பையில் ரத்தமே இல்லை, அது ஆறுதலாக இருக்க வேண்டும், இருக்கவில்லை. டூட்டி டாக்டரை எழுப்பினேன். "பிபி நல்லாத்தானே இருக்கு சிஸ்டர்" என்றார். "நாடியப் பிடிச்சுப் பாருங்க சார்" என்றேன். பிடித்துப் பார்த்தவர் உடனே சர்ஜனுக்குப் போன் போட்டார். நாலு மணிக்குத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். உள்ளே ரத்தம் கசிந்து, ட்ரெயின் ட்யூபை ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டிருந்தது. பெரியவர் பிழைத்து, கஞ்சியில் உப்பு இல்லை என்று எங்களை வைதுகொண்டே வீட்டுக்குப் போனார்.

வீட்டில் இதைச் சொன்னால் "உன் கை ராசிதான்" என்றார்கள். ராசி இல்லை, கட்டில் காலியாக இருந்தது. வழக்கமான ராத்திரியாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் நான் வேறொரு பெட்டில் நின்றிருப்பேன். அவர் சார்ட்டில் ரெண்டு மணிக்கு 120/80 ஏறியிருக்கும்.

என் அனுபவத்தை மட்டும் வைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2002-ல் லிண்டா ஐக்கன் என்பவரும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு நர்ஸ் பார்க்கிற நோயாளிகளில் ஒவ்வொருவர் கூடும்போதும், முப்பது நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அதில் கண்டார்கள். கலிபோர்னியாவில் 2004 முதல் ஒரு நர்ஸுக்கு இத்தனை பேர்தான் என்பது சட்டம். நம் நாட்டிலும் எண் இல்லாமல் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் பொது வார்டில் மூணு நோயாளிக்கு ஒருத்தர், மற்ற ஆஸ்பத்திரியில் அஞ்சு பேருக்கு ஒருத்தர், ஐசியூவில் ஆளுக்கு ஒருத்தர். லீவு போடுகிறவர்களுக்காக மேலே 30 சதவீதம். இதைப் பரீட்சையில் எழுதி நானும் மார்க் வாங்கியிருக்கிறேன். எழுதி முடித்து மறுநாள் போஸ்டிங் போன வார்டில் நாற்பது பேருக்கு ஒரு சிஸ்டர் இருந்தார்.

வெளிநாடு பற்றிக் கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். வளைகுடாவுக்கு ப்ரோமெட்ரிக் தேர்வு, இங்கிலாந்து அயர்லாந்துக்கு ஓஇடி அல்லது ஐஇஎல்டிஎஸ் என்கிற இங்கிலீஷ் தேர்வு, ஜெர்மனிக்கு பி2 வரை ஜெர்மன் என்று என் பேட்சில் பாதிப் பேர் போய்விட்டார்கள். காசுக்காகப் போகிறார்கள் என்று ஊர் பேசும். காசுக்காகத்தான், அதில் என்ன தப்பு? வீடு கட்ட வேண்டும், தங்கச்சியைக் கரையேற்ற வேண்டும். ஆனால் அயர்லாந்தில் இருக்கிற ஒருத்தி போன மாதம் புலம்பினாள், "இன்னைக்கு என் தலையில எட்டு பேஷண்ட்டுடி, செத்தேன்." எட்டா! எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவள் கோபித்துக்கொண்டாள். பிறகு யோசித்தால் அவள் கோபம்தான் சரி. எட்டு அதிகம் என்று அவளுக்குத் தெரிகிறது. எனக்கு அது குறைவாகப் படுகிறது என்றால் கெட்டுப்போயிருப்பது என் கண்.

அப்படியானால் பாப்பாவைச் சேர்க்கலாமா? தாராளமாக. பையனையும் சேர்க்கலாம், ஆண் நர்ஸ்களுக்கு எமர்ஜென்சியிலும் டயாலிசிஸிலும் நல்ல தேவை இருக்கிறது. சொந்தமாக ஆஸ்பத்திரி இருக்கிற கல்லூரியா, அதில் நோயாளிகள் நிஜமாகவே படுத்திருக்கிறார்களா என்று ஒருநாள் மதியம் போய் வார்டைப் பாருங்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு மட்டும் நிரம்புகிற ஆஸ்பத்திரிகள் உண்டு. கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். "நைட் டூட்டி பாக்குற பொண்ணா" என்று மாப்பிள்ளை வீட்டில் மூக்கைச் சுளிப்பார்கள் என்ற பயத்துக்கு என்னிடம் பதில் இல்லை, சுளிக்கிற மூக்கோடு சம்பந்தம் எதற்கு? நான் இந்த வேலையை விடாமல் இருப்பதற்குக் காரணம் தியாகமெல்லாம் கிடையாது. நாடியைப் பிடித்தால் ஆளின் உள்ளே என்ன நடக்கிறது என்று விரலுக்குத் தெரிகிறது. அந்தத் திறமை கைக்கு வந்தபிறகு வேறு வேலையில் உட்கார முடியவில்லை. படிப்பறிவே இல்லாத ஒரு பாட்டிக்கு இன்சுலின் சிரிஞ்சில் நெயில் பாலிஷால் கோடு போட்டுக் கொடுத்து, அவள் தன் வயிற்றில் தானே குத்திக்கொண்டு "இவ்வளவுதானா!" என்று சிரிக்கிறபோது கிடைக்கிற திருப்தி இருக்கிறதே, அதற்குச் சம்பளத்தில் கட்டம் கிடையாது.

இப்போது நான் இன்சார்ஜ். டூட்டி லிஸ்ட் போடுவது என் வேலை. வேறு ஆஸ்பத்திரி, அதே 28 பெட், ராத்திரிக்கு அதே ரெண்டு பேர். மாதக் கடைசியில் லிஸ்ட் போட உட்கார்ந்தால், "அக்கா, எனக்கு வெள்ளிக்கிழம நைட் வேண்டாங்க்கா, கோயில் கொடை", "அக்கா, பாப்பாவுக்குக் காய்ச்சல்" என்று வரிசையாக வருவார்கள். எல்லாம் நியாயமான காரணம். எல்லாருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டியவள் நான். பட்டியலில் ஆள் இருந்தால்தானே இடம் மாற்ற?

வந்த புதிதில் பிள்ளைகளைக் கூட்டி ஒன்று சொன்னேன். பிபி பார்த்தால் எழுதுங்கள், பார்க்காவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஆபரேஷன் ஆன அன்று உள்ளவர்கள், காய்ச்சல்காரர்கள், ரத்தம் ஏறுகிறவர்கள் முதலில். மற்றவர்களுக்கு முடிந்தால். விடிந்ததும் ரிப்போர்ட் புக்கில் 'நோயாளிகள் 28, நர்ஸ் 2, ரெண்டு மணி வைட்டல்ஸ் எடுக்காதவர் 11' என்று எண்ணோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளைகள் பயந்தார்கள். "மெமோ குடுத்துருவாங்கக்கா." "எனக்குத்தானே குடுப்பாங்க" என்றேன்.

குவாலிட்டி டிபார்ட்மென்ட் தம்பி முதல் மாதமே வந்துவிட்டார். ஆஸ்பத்திரித் தரச்சான்றுக்கான என்ஏபிஹெச் ஆடிட் நெருங்குகிற சமயம். சார்ட்டைப் புரட்டிவிட்டு, "என்ன சிஸ்டர் இவ்வளவு ப்ளாங்க்? ஆடிட்ல நான்-கம்ப்ளையன்ஸ் போடுவாங்க. பக்கத்து வார்டெல்லாம் ஃபுல்லா இருக்கு பாருங்க" என்றார். பக்கத்து வார்டு சார்ட்டை எடுத்து வரச் சொன்னேன். ராத்திரி ரெண்டு மணிக்கு இருபத்துச் சொச்சம் பேருக்கும் நாடி 78. "இத்தன பேருக்கும் ஒரே நாடி இருக்குமா தம்பி?" என்றேன். அவர் நல்ல பையன், சிரித்துவிட்டார். "அது என் கையில இல்ல சிஸ்டர்." "அப்ப மூணாவது ஆள் யார் கையில இருக்கோ அவங்ககிட்ட இந்த நோட்டக் குடுங்க."

மெமோ வந்தது. பதில் எழுதினேன், ரிப்போர்ட் புக்கின் நகலோடு. நர்சிங் சூப்பரின்டென்டன்ட் மேம் கூப்பிட்டு ரொம்ப நேரம் பேசினார். அவரும் ஒரு காலத்தில் நைட் பார்த்தவர்தான். கடைசியில் ஆபரேஷன் நாட்களான திங்களும் வியாழனும் மட்டும் நைட்டுக்கு மூணாவது ஆள் கொடுத்திருக்கிறார்கள். அந்த ரெண்டு ராத்திரிகளில் காலிக் கட்டங்கள் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டன. ஆனால் ஐசியூவில் யாராவது லீவு போட்டால் முதலில் இழுக்கிறது அந்த மூணாவது ஆளைத்தான். அப்படி இழுத்துக்கொண்டு போன நாட்களையும் பிள்ளைகள் இப்போது நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள், நான் சொல்லாமலே.